சக்கரைக் கிளியும் காவிரித் தண்ணியும்

நம்ம ஊர்ல பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சக்கொத்தும். பெங்களூர்ல அதே நாள் சங்கராந்தி. எள்ளு, பொடியா நறுக்கின வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து ஒரு தட்டு வரும். அதுக்கு மேல வெள்ளைவெளேர்னு ஒரு கிளி, ஒரு மீன், ஒரு துளசி மாடம். அத்தனையும் சீனி. பேரு 'சக்கரெ அச்சு'. இங்க நீலசந்திராவில் எங்க வீட்டு வாண்டு முதல் தடவை அதைப் பார்த்துட்டுக் கேட்டது, "இது வெளாடவா, திங்கவா?" ரெண்டுக்கும்தான்.

சீனியில் உருவம் செய்யறது ஒரு காலத்தில் ராஜாக்கள் சமாச்சாரம். 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோ போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, சுல்தானின் விருந்தில் சர்க்கரையால செஞ்ச ஆரஞ்சு மரத்தைப் பத்தி எழுதி வச்சிருக்கார். 1574-ல் வெனிஸ் வந்த பிரான்ஸ் ராஜா மூன்றாம் ஹென்றிக்கு வச்ச விருந்தில் கை துடைக்கிற துணிகூட சர்க்கரை! தொட்டதும் உடைஞ்சுதாம். செலவு பண்ண முடியும்னு காட்டறதுதான் நோக்கம், வேறென்ன.

நம்ம நாட்டுல அர்த்தசாஸ்திரத்திலேயே சர்க்கரை வகைகள் வருது. ஆனா சாமானிய வீட்டுல புழங்கினது வெல்லமும் கருப்பட்டியும்தான். வெள்ளைச் சீனிக்கு நம்ம பாட்டிமார் 'அஸ்கா'ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது ஊர்ப்பேரு. கஞ்சம் மாவட்டத்து அஸ்காவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை இருந்தது. 1936-ல் ஒரிசா பிரியும்வரை அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தோட பகுதி. மைசூர்ப் பக்கம் கிருஷ்ணராஜசாகர் தண்ணி மண்டியாவுக்குப் பாய, கரும்பு பெருகி, 1933-ல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி வந்தது. ஆலைச் சீனி மலிஞ்ச பிறகுதான் வீட்டுக்கு வீடு அச்சு ஊத்தற அளவுக்குக் கட்டுப்படியாகியிருக்கும்னு என் கணக்கு. (பேங்க்காரன் புத்தி, விலையைப் பார்க்காம வரலாறு படிக்க வராது.)

செய்முறை சுலபம்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பாதியா இருக்கிற மர அச்சைச் சில மணி நேரம் தண்ணியில் ஊறப் போடணும், இல்லேன்னா சீனி மரத்தோட ஒட்டிக்கும். சீனியைத் தண்ணியில் கரைச்சுக் கொதிக்கும்போது ஒரு கரண்டி பால் விட்டா அழுக்கு திரண்டு மேல வரும், துணியில் வடிகட்டிடலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் காய்ச்சி, கரண்டியால பாத்திரத்து ஓரத்தில் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். தேய்க்கத் தேய்க்கப் பாகு பால் நிறமாகும். பொடிப்பொடியா படிகம் கட்ட ஆரம்பிச்சதுக்கு அடையாளம் அது. உடனே ரப்பர் பேண்ட் போட்ட அச்சுல ஊத்தணும். ஒரு நிமிஷம் தாமதிச்சா சட்டியிலேயே கல்லாயிடும். பாகு கை பொத்துப்போற சூடு, அதனால அடுப்பு வேலை பெரியவங்களுக்கு. ரப்பர் பேண்ட் மாட்டறது, பத்து நிமிஷம் கழிச்சு அச்சைப் பிரிக்கிறது, கிளிக்கு மூக்கு வந்திருக்கான்னு பார்க்கிறது பிள்ளைங்களுக்கு. மூக்கு உடைஞ்சது உடனே வாய்க்குள்ள :-)

தட்டைக் கொடுக்கும்போது "எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி"ம்பாங்க. எள்ளு எள்ளுதான், பெல்லா வெல்லம். தின்னுட்டு நல்லதாப் பேசுங்கன்னு அர்த்தம். மராத்தியிலும் இதே மாதிரி ஒண்ணு உண்டு.

மண்டியாக் கரும்புக்குப் பாயறதும் தஞ்சாவூர் நெல்லுக்குப் பாயறதும் ஒரே காவிரி. 1991-ல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு ஜூன்ல வந்து, டிசம்பர்ல இங்க தமிழர்கள் மேல கலவரம் வெடிச்சது. அடுத்த மாசமே சங்கராந்தி. அந்த வருஷம் எத்தனை வீட்டுக்குத் தட்டு போச்சு, எத்தனை வீட்டுக்குப் போகலைன்னு யாரும் எழுதி வைக்கலை. 2016 செப்டம்பர்ல மறுபடி பஸ் எரிஞ்சப்போ நாங்க இங்கதான் இருந்தோம். பிள்ளைகிட்ட வெளியே தமிழ்ல சத்தமாப் பேசாதேன்னு தங்கமணி சொன்னாங்க. அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திச்சு. அடுத்த ஜனவரியில் மாடி வீட்டுக் கன்னடத்து அம்மா வழக்கம்போல படியிறங்கி வந்தாங்க. தட்டு, கரும்புத் துண்டு, பிள்ளைக்குன்னு தனியா ஒரு யானை. காவிரியைப் பத்தி அவங்களும் பேசலை, நாங்களும் பேசலை. காலித் தட்டைத் திருப்பக்கூடாதுன்னு சர்க்கரைப் பொங்கல் வச்சுக் கொடுத்தோம்.

நம்ம பக்கம் இதுக்கு ஈடு ஜவ்வு மிட்டாய்தான். மூங்கில் கம்பு உச்சியில் கைதட்டுற பொம்மை, கீழே ரோஸ் கலர்ல சுத்தி வச்ச மிட்டாய். இழுத்து இழுத்து நம்ம மணிக்கட்டுலேயே வாட்ச் கட்டிவிடுவார். திருவிழாவில் எங்கேயாவது தட்டுப்பட்டா பிள்ளைக்குக் கட்டிவிடுங்க.

மர அச்சு வேணும்னா ஜனவரி முதல் வாரத்திலேயே காந்தி பஜார், மல்லேஸ்வரம் பக்கம் பாருங்க. புது அச்சுன்னா முதல் ஈடு சரியா வராது, அதைப் போட்டு டீ குடிச்சுடலாம்.