கல்முனைக் கரையோரமும் சூறாவளியும்: இல்லத்தின் ஆயத்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் வரலாறு அதனை ஆண்டோரின் வரலாறு மட்டுமன்று. அங்கு வாழ்ந்த மக்கள் கடலோடும் காற்றோடும் மழையோடும் நடத்திய நீண்ட போராட்டத்தின் வரலாறுமாகும். அம்பாறைக் கரையோர ஊர்களின் முதியவர்கள் ஒரு பிள்ளையின் பிறப்பையோ ஒரு காணியின் கைமாற்றத்தையோ 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி' என்று கணக்கிடுவதுண்டு. அவர்கள் பேச்சில் சூறாவளி என்ற பொதுச்சொல் 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி ஒன்றையே குறிக்கும். எனினும், அந்நினைவு காலக் கணக்காக நிலைத்த அளவுக்கு வீடுகளின் ஆயத்தமாக நிலைபெறவில்லை. இம்முரண்பாட்டை ஆராய்வதும், அக்கரையோரக் குடும்பம் ஒன்று எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதை வரலாற்றின் துணைகொண்டு எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலவமைப்பை நோக்குதல் தகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய முஸ்லிம் ஊர்களும், இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்களும் மட்டக்களப்பு–பொத்துவில் வீதியை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. கிழக்கே வங்கக் கடல். மேற்கே வயல்வெளியும் தாழ்ந்த நீர்நிலைகளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்திலேயே வளவோடு வளவு நெருங்க மக்கள் குடியிருக்கின்றனர். மாரியில் கிட்டங்கித் தாம்போதியையும் மாவடிப்பள்ளி வீதியையும் வெள்ளம் மேவும்போது மேற்குப் புற ஊர்களுக்குச் செல்லும் வழிகள் தடைப்படுகின்றன. எனவே, கடலை விட்டு ஓடினால் வெள்ளத்தை எதிர்கொள்ள நேரும் நிலை இவ்வூர்களுக்கு உண்டு. வெளியேறுவதாயின் மழைக்கு முன்னரே வெளியேற வேண்டும் என்பது இந்நிலவமைப்பு கற்பிக்கும் முதற் பாடமாகும்.

வங்கக் கடலில் தோன்றி இலங்கையைத் தாக்கும் சூறாவளிகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே வருகின்றன. அட்லாந்திக்கில் ஹரிக்கேன் என்றும் மேற்குப் பசிபிக்கில் டைபூன் என்றும் வழங்கப்படுவதும் இதே வகைக் காற்றேயாகும். 1957 டிசம்பரில் கிழக்கிலங்கை பெருவெள்ளத்தில் ஆழ்ந்தது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்ற சூறாவளி, பாக்கு நீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது. ஆயினும் கல்முனைக் கரையோரம் தன் கூரைகளையே இழந்து நின்றது 1978இலேயாகும்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி சூறாவளி மட்டக்களப்புப் பகுதியில் கரையைக் கடந்தது. நாட்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. பதினொரு நெற் களஞ்சியங்களுள் ஒன்பது சிதைந்தன. இருபத்தெண்ணாயிரம் ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீழ்ந்தது. தென்னை ஒரு போகத்துப் பயிரன்று. நட்ட கன்று காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஓர் இரவில் வீழ்ந்தது ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருவாய் எனலாம். அன்றியும், இருநூற்று நாற்பது பாடசாலைக் கட்டடங்கள் சேதமடைந்தன. மக்கள் அடைக்கலம் தேடக்கூடிய இடங்களே பாதுகாப்பற்றிருந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இப்புள்ளிவிபரங்கள் அழிவின் அளவைக் கூறுகின்றன; அழிவின் முறையை அறிவதற்கு வீட்டையே நோக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். கூரையின் மேலாக விரைந்து செல்லும் காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதிலும் மேல்நோக்கி இழுப்பதே அதிகம். ஒரு யன்னல் உடைந்து காற்று உள்ளே புகுமாயின், உள்ளிருந்தும் அது கூரையைத் தள்ளும். கிடுகாயினும் ஓடாயினும் தகடாயினும், பாரத்தால் மட்டும் சுவரின்மேல் அமர்ந்திருக்கும் கூரை அவ்வேளையில் நில்லாது. கூரை போனபின் தனித்து நிற்கும் சுவரும் சரியும். பறக்கும் தகடும் முறியும் மரமும் சரியும் சுவருமே வீட்டாரின் உயிருக்கு உலை வைப்பன.

1978க்குப் பின்னர் அக்கரையோரம் பெரிய சூறாவளியை மறக்கும் அளவுக்கு வேறு துன்பங்களைக் கண்டது. போர் நீடித்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் விளைவாக 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. வானொலியையும் தந்தியையும் நம்பியிருந்த காலம் போய், செய்மதிப் படமும் கைத்தொலைபேசிச் செய்தியும் வந்துள்ளன. ஆனால் மக்களின் அச்சம் கடலை நோக்கித் திரும்பிற்று. ஆழிப்பேரலைக்கு உரிய ஆயத்தம் ஓடுதல். சூறாவளிக்கு உரிய ஆயத்தம் பெரும்பாலும் கட்டுதல். முன்னது நிமிடங்களிற் செய்யப்படுவது. பின்னது மாதங்களுக்கு முன்னர் தொடங்குவது. அறிவித்தல் வளர்ந்த அளவுக்கு ஆயத்தம் வளராமைக்கு இவ்வேறுபாட்டை உணராமையும் ஒரு காரணமென்பது எமது கருத்தாகும்.

அவ்வாயத்தம் யாது? மாரி தொடங்குமுன் கைமரங்களையும் வளையையும் சுவரோடும், சுவரைத் தூண்களோடும் இரும்புப் பட்டியால் பிணைத்தல் வேண்டும். தகட்டுக் கூரையில் தளர்ந்த ஆணிகளை இறுக்குதல் வேண்டும். வீட்டின்மேல் சாய்ந்த மரக்கிளைகளையும், தென்னையின் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்குதல் வேண்டும். கடற்பக்கத்து யன்னலை மட்டும் அடைத்தல் போதாது. வட கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வதால், மேற்கு நோக்கி நகரும் அதன் நடுவம் கல்முனைக்கு வடக்கே கடக்குமாயின், காற்று முதலில் வடக்கிலிருந்தும் பின்னர் மேற்கிலிருந்தும் அதன்பின் தெற்கிலிருந்தும் வீசும். நடுவம் ஊரின் மீதே கடக்குமாயின் இடையே ஓர் அமைதி நிலவும். அது முடிவன்று, எதிர்த் திசைக் காற்றின் முன்னறிகுறியாகும். அவ்வமைதியை நம்பி வீதிக்கு இறங்குதல் பேராபத்தாகும்.

தொழிலும் வீட்டோடு இணைந்ததே. மருதமுனையின் நெசவாளருக்குத் தறியும் நூலும் வீட்டின் உள்ளேயே உள்ளன; நூலை உறையிலிட்டு உயரத்தில் வைத்தல் அவருக்கு அரிசியைக் காப்பதற்கு ஒப்பாகும். மீனவர் வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றி நங்கூரமிட்டுக் கட்டுவதோடு, எச்சரிக்கை வந்தபின் கடலுக்குச் செல்லாதிருத்தல் வேண்டும். கிணற்று நீர் வெள்ளத்தால் கெடும் என்பதால் குடிநீரைச் சில நாட்களுக்கு மூடிவைத்தல் வேண்டும். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி ஆகியவற்றை நீர் புகாத உறையில் ஓரிடத்தில் வைத்தலும் அவசியமாகும். உறுதியை இழந்தவர் தம் வளவைத் தமதென்று நிறுவுவதற்கும் அல்லற்பட நேரும்.

குடும்பத்தின் ஆயத்தம் இவை யாவற்றினும் நுண்ணியது. முதியோர், கர்ப்பிணிகள், நோயாளர் ஆகியோரை எவர் அழைத்துச் செல்வது, எங்கே செல்வது என்பதை வானம் தெளிந்திருக்கும்போதே பேசி முடித்தல் வேண்டும். பெண்கள் பொது இடத்தில் தங்குவதற்குத் தயங்கிப் பலவீனமான வீட்டிலேயே இருந்துவிடக் கூடும். உறவினரின் உறுதியான மாடி வீடு, பள்ளிவாசல், பாடசாலை ஆகியவற்றுள் ஒன்றில் மறைவான பகுதியும் மலசலகூடமும் முற்கூட்டியே ஒழுங்கு செய்யப்படுமாயின் அத்தயக்கம் நீங்கும். இத்தா இருக்கும் பெண்ணும் உயிராபத்து நேருமிடத்து வீட்டை விட்டு வெளியேற மார்க்கம் இடமளிக்கின்றது. இதனை ஊரின் உலமாக்கள் மாரிக்கு முன்னரே எடுத்துரைப்பாராயின் பல உயிர்கள் காக்கப்படும்.

நேரம் தப்பினால் நேர்வது யாதென்பதற்கு 2024 நவம்பர் 26 சான்றாகும். தாழமுக்கத்தால் பெருமழை பெய்த அன்று, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரஸா மாணவர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்களிற் சிலர் உயிருடன் மீளவில்லை. சூறாவளி கரையைத் தொடாமலே, வீடு திரும்பும் வழியிலேயே உயிர் பறிக்கப்பட்டது.

ஆயத்தம் பலனளிக்குமா என ஐயுறுவோர்க்கு அயல்நாட்டு வரலாறு விடை தருகின்றது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் சூறாவளி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1972இல் பங்களாதேஷ் தொண்டர்களைக் கொண்ட சூறாவளி ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஒலிபெருக்கியோடும் கொடியோடும் வீடு வீடாகச் சென்று எச்சரித்தலும் அடைக்கல மாடிகளும் கிராமங்களுக்குப் பழக்கமாகின. 2007இல் சிடர் சூறாவளியில் மாண்டோர் ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு பேர். ஒடிசாவில் 1999இல் பத்தாயிரம் பேரளவில் மாண்டனர். பல இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்ட 2013ஆம் ஆண்டின் பைலின் சூறாவளியில் மாண்டோர் ஐம்பதினும் குறைவு. காற்று மாறவில்லை, காத்திருந்த மக்களே மாறினர்.

தொகுத்து நோக்குமிடத்து, கல்முனைக் கரையோரத்துக்கு நினைவுக்குக் குறைவில்லை. அறிவித்தலுக்கும் முன்னைய குறைவில்லை. நினைவை ஆண்டுதோறும் செய்யும் வேலையாக மாற்றுதலே எஞ்சியுள்ளது. பெரும்போக விதைப்புக்கு நாட்குறித்து வரம்பு கட்டும் சமுதாயம், அதே மாரிக்கு முன் கூரை கட்டவும் ஒரு நாளைக் குறித்தல் இயலாததன்று. 1978ஐக் கண்ணாற் கண்டோர் அருகி வருகின்றனர். அவர்கள் சொல்லும் கதையைக் கேட்கும் இளைஞர், கேட்டபின் ஏணியை எடுத்துத் தம் வீட்டுக் கைமரத்தைச் சோதிப்பாராயின், அதுவே அவ்வரலாற்றுக்கு அவர்கள் செய்யும் தக்க மரியாதையாகும்.