தந்தியும் தொடர் துறையும்

திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையோரத்திலே உள்ள கிண்ணியாவுக்கு 2009ஆம் ஆண்டிலேதான் 396 மீற்றர் நீளமான பாலம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் அவ்வூர் செல்வோர் துறையடியிலே காத்திருந்து ‘பாதை’ ஏறியே நீரைக் கடந்தனர். வழியைக் குறிக்கும் பாதை என்னுஞ் சொல், கிழக்கிலங்கையிலே மிதக்கும் அக்கலத்துக்கும் பெயராயிற்று. ஒரு கலம், ஒரு நீர்வழி; முன்னே ஏறிய வண்டி முன்னே இறங்கும். ‘சீரியல் போர்ட்’ என்பதைக் கணினி நூலோர் தமிழிலே ‘தொடர் துறை’ என வழங்குகின்றனர். அப்பெயரைக் கேட்குந்தோறும் கிண்ணியாத் துறையடியே என் கண்முன் வருகின்றது.

அத்துறையின் ஒரு கரையிலே கணினி நிற்கின்றது. மறுகரையிலே நுண்கட்டுப்படுத்தி நிற்கின்றது. நுண்கட்டுப்படுத்தியாவது, நகத்தளவான ஒரு சில்லினுள்ளே சிறு கணினி ஒன்று முழுவதும் அடங்கிய பொருள். அதற்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. அதனோடு உரையாட மூன்று கம்பிகள் போதும்: சொல்வதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று, இரண்டிற்கும் பொதுவான நிலக்கம்பி ஒன்று. ஒருவர் சொல்லும் முனை மற்றவர் கேட்கும் முனையோடு சேரவேண்டும். இதனை மறந்து, வாயை வாயோடு பிணைத்துவிட்டு இரவு முழுதும் விழித்திருந்தோர் பலர். இப்பொழுது பேசுகின்ற நானும் அவருள் ஒருவன்.

இம்முறை கணினியோடு பிறந்ததன்று, தந்தியோடு பிறந்தது. இலங்கையிலே முதல் தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே ஓடியது. புள்ளியும் கோடுமாக வந்த ஓசையைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பழகிய காது வேண்டியிருந்தது. பிரான்சு நாட்டுத் தந்தி அலுவலர் எமில் போதோ என்பார், எல்லா எழுத்துக்கும் ஒரே அளவான ஐந்து கூறுகளை வகுத்து, 1874இலே உரிமை பெற்றார். ஐந்து கூறாயின் முப்பத்திரண்டு வேறுபாடுகள் உண்டாகும். அவர் பொறியிலே இடக்கைக்கு இரண்டும் வலக்கைக்கு மூன்றுமாக ஐந்து கட்டைகளே இருந்தன. ஆனால் இரு நகரங்களிலும் சுழலும் சக்கரங்கள் ஒன்றோடொன்று பிசகாது ஒத்தோட வேண்டும். பொறி காட்டும் தாளத்துக்கு ஏற்பவே விரல்களும் விழவேண்டும். தாளந் தப்பினாற் சொல்லுந் தப்பும். அவர் பெயரால் வந்த அளவே ‘போட்’ என்பது. துறையைப் பற்றிப் பேசுகையில் இதனைப் படகென்று எண்ணிவிடலாகாது.

இத்தாளத்தின் தொல்லையைத் தீர்த்தவர், சிக்காகோ நகரிலே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உழைத்த சார்ல்ஸ் கிரமும் அவர் மைந்தர் ஹவர்ட் கிரமும் ஆவர். சக்கரங்கள் நாள் முழுதும் ஒத்தோட வேண்டியதில்லை. ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ‘தொடங்கு’ என்றொரு குறி, முடிவிலே ‘நில்’ என்றொரு குறி. ஓர் எழுத்தளவு நேரம் ஒத்தோடினாற் போதும் என்று கண்டனர். என் கருத்திலே, தொடர் துறையின் வரலாறு முழுவதிலும் இதனினும் நுட்பமான எண்ணம் வேறில்லை.

அது இன்றும் அவ்வாறே நடக்கின்றது. 9600 போட் என்றால் ஒரு செக்கனுக்கு 9600 கூறுகள். எழுத்துக்கு எட்டுக் கூறும், தொடக்கக் குறி ஒன்றும், நிறுத்தக் குறி ஒன்றுமாகப் பத்து. ஆகவே செக்கனுக்கு 960 எழுத்துகள் செல்லும். ஓய்ந்திருக்கும் கம்பியிலே மின்னழுத்தம் மேல்நிலையில் நிற்கும். அது கீழே விழுந்தவுடன் கேட்பவர் தம் கடிகாரத்தை ஓட்டி, ஒவ்வொரு கூறின் நடுவிலும் பார்த்துக் குறித்துக்கொள்வார். இரு கடிகாரங்களும் நூற்றுக்கு ஐந்து வேறுபட்டாலோ, பத்தாங் கூறுக்கு வருகையிலே பிழை ஏறத்தாழ அரைக் கூறாகி விளிம்பைத் தொட்டுவிடும். வேகத்தைப் பற்றி இரு கரையும் முன்னரே உடன்படாவிடின், திரையிலே வருவது எம்மொழிக்கும் உரியதல்லாத கிறுக்கலே.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1960இலே ஆர்எஸ்-232 என்னும் நியமம் எழுந்தது. 1971இலே இவ்வேலையைச் செய்யும் தனிச்சில்லு விற்பனைக்கு வந்தது. 1980இலே இன்டெல் நிறுவனத்தின் 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தி அதனைத் தன் வயிற்றினுள்ளேயே கொண்டு பிறந்தது. பழைய நியமத்தின் பன்னிரண்டு வோல்ற்றை ஐந்து வோல்ற்றுச் சில்லிலே நேரே கொடுத்தால் சில்லு கருகும். இடையிலே மாற்றி ஒன்று வேண்டும். நம் வானொலியும் தந்தியின் பிள்ளைதான். 1925 டிசம்பர் 16இலே கொழும்பு வானொலியைத் தொடக்கிய எட்வேட் ஹார்ப்பர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் அன்றோ!

இனிக் கிண்ணியாவுக்குத் திரும்புவோம். 2004 டிசம்பர் 26 காலையிலே சுமாத்திராவுக்கு அருகே கடலடி நடுங்கியது. ஹவாய்த் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடத்துள் முதற்செய்தியை விடுத்தது. அது பசிபிக் நாடுகளுக்கான செய்தி. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. கம்பிகள் இருந்தன, செய்மதிகள் இருந்தன. ஆனால் இந்துமாக்கடல் நாடுகளுக்கு யார் சொல்வது, யார் கேட்பது என்னும் உடன்பாடு எங்கும் இருக்கவில்லை. கிண்ணியாவிலே அலை மக்களைக் கொண்டது. நோயாளர் கிடந்த மருத்துவமனையையும் அழித்தது.

அதன் பின்னரே யுனெஸ்கோவின் முயற்சியால் இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை ஒழுங்கு அமைந்தது. 2007இலே ஐதராபாத்தில் இந்திய நிலையம் எழுந்தது. ஆழ்கடலின் அடியிலே நீரின் அழுத்தத்தை அளக்குங் கருவிகள் கிடக்கின்றன. 6000 மீற்றர் ஆழத்திலும், மேலே நீர்மட்டம் ஒரு சதமமீற்றர் மாறினால் அவை உணரும். 2005ஐ ஒட்டி அமெரிக்கர் சமைத்த இத்தகைய மிதவையிலே, அடித்தளக் கருவி ஒலியலையால் மேலே சொல்லும். மிதவையினுள்ளே இருந்து அதனைக் கேட்பது மோட்டரோலா 68332 என்னும் நுண்கட்டுப்படுத்தி. அதிலிருந்து செய்மதித் தொலைபேசிக்குச் செய்தி செல்வது ஒரு தொடர் துறை வழியாக, ஒவ்வொரு கூறாக, வரிசை பிசகாமல்.