கை இல்லாமல் கப்பலேறிய டர்ன்டேபிள்

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து 1954-ல் சந்தைக்கு வந்த கேரர்ட் 301 டர்ன்டேபிளை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் அதில் அன்று பாட்டுக் கேட்க முடியாது. கனத்த சுழல்தட்டு, மோட்டார், மோட்டாரின் விசையைத் தட்டின் உள்விளிம்புக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம், வேகத்தை மாற்றும் குமிழ், இவ்வளவுதான் உள்ளே இருக்கும். ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் கிடையாது. கருவியை உட்கார வைக்க மரப்பெட்டியும் கிடையாது. டோன்ஆர்ம் வேறொரு ஊரிலிருந்து வரும், ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் வேறொரு நாட்டிலிருந்து வரும். உயர்தர டர்ன்டேபிளின் வரலாற்றை வழக்கமாகப் பொறியாளர்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். துண்டு துண்டாகக் கப்பலேறிய இந்தப் பொருளை ஒரு கருவியாக ஆக்கியது இறக்குமதி வணிகம். பல சமயம் அதன் வடிவத்தைத் தீர்மானித்ததும் அந்த வணிகம்தான்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 301-இன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டிச் சுழல்வது. பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. லண்டனுக்கென்று செய்ததை அப்படியே நியூயார்க்கில் ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய இசைத்தட்டு 40 சுற்று சுற்றும். நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சட்ஜம் சாதாரண காந்தாரத்தில் போய் உட்கார்ந்துவிடும். வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் வசதி 301-ல் உண்டு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் அதற்கு அடங்காது. மோட்டார் தண்டில் விரல் நுனியளவே இருக்கும், படி வைத்த புல்லியைக் கழற்றிவிட்டு, விட்டம் குறைந்த வேறொன்றை மாட்ட வேண்டும். எந்த நாட்டுக்கு எந்தப் புல்லி என்று தெரிந்து வரவழைப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. ஜப்பானில் இது இன்னும் சிக்கலானது. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின் இயந்திரங்களை வாங்கியதால், அந்நாட்டின் கிழக்கே இன்றும் 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு வீடு மாற்றினால் புல்லியையும் மாற்றியாக வேண்டும். அந்த நாட்டு நிறுவனமான மாட்சுஷிதாதான் 1970-ல் டெக்னிக்ஸ் எஸ்பி-10-ஐக் கொண்டுவந்தது. புல்லியும் ரப்பரும் அதில் இல்லை. சுழல்தட்டை மோட்டார் நேரடியாகச் சுழற்றியது, வேகத்தை மின்னணுச் சுற்று பார்த்துக்கொண்டது, எந்த ஊர் மின்சாரமானாலும் ஒன்றுதான். அதிர்வும் தேய்மானமும் குறைய வேண்டும் என்பதே முதல் நோக்கம் என்பது சரிதான். ஆனாலும் ஒரே நாட்டுக்குள் இரண்டு அதிர்வெண்களோடு வாழ்ந்தவர்கள் இந்தப் புல்லித் தொல்லையை மறந்துவிட்டு அதைச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. அந்த எஸ்பி-10-ம் டோன்ஆர்ம் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தது.

டோன்ஆர்மின் கதை இதைவிடத் தெளிவானது. சசெக்ஸில் மாதிரிப் பொருள்களுக்கான உதிரிபாகங்களை 1946-லிருந்து செய்துவந்த எஸ்எம்இ நிறுவனத்தின் அலஸ்டர் ராபர்ட்சன்-ஏக்மன், தம் வீட்டில் இசை கேட்பதற்காக ஒரு டோன்ஆர்ம் செய்துகொண்டார். 1959-ல் அது 3012 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் அடிப்பாகத்தைப் பார்த்தாலே யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரியும். மரப்பலகையில் வெட்டிய நீள்வட்டத் துளையின் மேல் முன்னும் பின்னும் நகர்கிற ஒரு தளம் அது. எந்தக் கார்ட்ரிட்ஜை மாட்டினாலும் தளத்தை நகர்த்தி ஊசியை உரிய இடத்தில் நிறுத்தி, திருகை இறுக்கிவிடலாம். முன்முனையில், கார்ட்ரிட்ஜைத் தாங்கும், நான்கு ஊசித்தொடர்புகள் கொண்ட ஹெட்ஷெல்லைச் செருகி ஒரு வளையத்தைத் திருகினால் போதும். டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோனிடமிருந்து வந்த இந்த இணைப்பு எஸ்எம்இ வழியாகப் பரவி, பிறகு ஜப்பானிய டோன்ஆர்ம்களின் பொது வழக்காகவே ஆகிவிட்டது. இன்ன டர்ன்டேபிள், இன்ன ஊசி என்று முன்கூட்டியே தெரியாத ஒருவரின் மேஜைக்காகச் செய்த பொருள் இது. அமெரிக்காவில் இதை விற்ற ஷ்யூர், தானே கார்ட்ரிட்ஜ் செய்கிற நிறுவனம். அந்த டோன்ஆர்ம்கள் அங்கே ஷ்யூர்-எஸ்எம்இ என்றே அறியப்பட்டன.

வணிகர்கள் கருவியைக் கெடுக்கவும் செய்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கேரர்டை விற்ற பிரிட்டிஷ் இண்டஸ்ட்ரீஸ் கார்ப்பரேஷனுக்கு, அடுக்கி வைத்த இசைத்தட்டுகளைத் தானாக ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் சேஞ்சர்களே பெரிய வியாபாரம். கேரர்ட் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1970-களில் அந்த விற்பனையாளரே தன் பெயரில் டர்ன்டேபிள் கொண்டுவந்தது. 1979-ல் கேரர்ட் பிரேசிலின் கிராடியென்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. இதற்கு ஜப்பானியப் போட்டி உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இறக்குமதியாளர் வெறும் இடைத்தரகர் என்றால், அவரால் இவ்வளவு கெடுதல்கூடச் செய்திருக்க முடியாது. 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டோன்ஆர்மோடு முழுக் கருவியாகவே வந்து உலகெங்கும் விற்றதே என்பது இன்னொரு மறுப்பு. உண்மை, பெரும்பாலோருக்கு அதுவே நல்ல வழி. ஆனால் அதே காலத்தில் கிளாஸ்கோவில் பிறந்த லின் எல்பி12 சொந்த டோன்ஆர்ம் இல்லாமல் பல ஆண்டுகள் ஓடியது. லின் ஜப்பானிலிருந்து சூபெக்ஸ் கார்ட்ரிட்ஜ்களைத் தானே தருவித்து விற்றது. 1970-களின் இறுதியில் தன் பெயரில் கொண்டுவந்த இட்டாக் டோன்ஆர்மையும் ஜப்பானில்தான் செய்வித்தது. ஸ்காட்லாந்தின் பெருமை என்று சொல்லப்படும் கருவியில் பாதி இறக்குமதி.

2016-ல் எஸ்எம்இ, இந்தியத் தொழிலதிபர் அஜய் ஷிர்கேயின் கேடன்ஸ் குழுமத்திடம் வந்தது. 2018-ல் கேரர்டின் பெயரும் அதே குழுமத்திடம் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் தனித்தனியே கப்பலேறி, அயல்நாட்டுக் கடையின் மேஜையில் சந்தித்துக்கொண்ட இரண்டும் இப்போது ஒரே வீட்டில். 2019 டிசம்பரில் எஸ்எம்இ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இனி டோன்ஆர்ம்களைத் தனியாக விற்பதில்லை, தன் டர்ன்டேபிள்களோடு சேர்த்து மட்டுமே தருவோம். தன் தயாரிப்பைத் தானே முழுமையாகப் பொருத்தித் தர நிறுவனத்துக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த நீள்வட்டத் துளையை வெட்டிவைத்துக் காத்திருக்கும் பலகைகள் பல நாடுகளில் உள்ளன. அந்த அறிவிப்புக்குப் பின் அவற்றுக்கான எஸ்எம்இ டோன்ஆர்மைப் பழைய பொருள் விற்பவர்களிடம் தேட வேண்டியதாயிற்று.