4294967297 (ஐந்தாம் ஃபெர்மா எண்)

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, விடையோடு ஒன்றைக் கூட்டினால் வருவது 4,29,49,67,297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பகா எண் என்று நம்பப்பட்டு, 92 ஆண்டுகள் கழித்துப் பகு எண் என்று தெரியவந்ததால் இது பெயர்பெற்றது.

துலூஸ் நகர நீதிமன்றப் பணிக்கு நடுவே கணிதம் செய்தவர் பியர் தெ ஃபெர்மா. 2-க்கு 1, 2, 4, 8, 16 என்று அடுக்குகளை இட்டு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனாலும் பகா எண்தான் வரும் என்று 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் கைக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்; நம்பிக்கையை மட்டும் விடவில்லை. அடுத்த எண்ணே அதைப் பொய்யாக்கியது. (வரிசையில் இது ஆறாவது, பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 'ஐந்தாம்' எண்.)

1729-இல் கோல்ட்பாக் இந்தக் கூற்றைப் பற்றி ஆய்லருக்கு எழுதிக் கேட்டார். முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆய்லர், 1732-இல் விடை தந்தார்: 641 × 6700417. கண்மூடித்தனமாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரிசையாக வருகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை. இந்த நிபந்தனையின் வேர் ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்திலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் அவரே கண்டிருப்பார்.

641 வகுக்கும் என்பதைப் பெருக்கிப் பார்க்காமலும் காட்டலாம். 640 என்பது 5 × 2⁷. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. மறுபுறம் 641 என்பது 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. எனவே 5⁴-க்குப் பதில் −2⁴ என்று வைக்கலாம். 2³²-க்கு மீதி −1 என்று வந்துவிடுகிறது. ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம்.

1812-இல் லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட அமெரிக்க மனக்கணக்குச் சிறுவன் செரா கோல்பர்ன், இந்த எண்ணைச் சொன்னதும் 641-ஆல் வகுபடும் என்றானாம்.

ஃபெர்மாவின் தோற்றுப்போன ஊகத்தின் மிச்சம் வடிவியலுக்குப் போய்ச் சேர்ந்தது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டார்; 17 ஒரு ஃபெர்மா பகா எண். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையானால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக அது இருந்தாக வேண்டும். அறியப்பட்ட ஐந்தையும் பெருக்கினால் 4294967295, நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஒற்றைப்படைப் பக்கங்களோடு இப்படி வரையத்தக்கதாக இன்று அறியப்பட்ட மிகப் பெரிய பலகோணத்துக்கு அத்தனை பக்கங்கள்.

ஆறாவது ஃபெர்மா பகா எண் இதுவரை கிடைக்கவில்லை. ஐந்தாம் எண் முதல் 32-ஆம் எண் வரை எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. 33-ஆம் எண்ணின் நிலை இன்னும் தெரியவில்லை.