பனிக்கடலில் ஒரு தச்சன்
அத்தியாயம் 9: திருகாணிகள்

சென்ற வாரம் 28 பேரையும் எலிஃபென்ட் தீவின் கூழாங்கல் கரையில் விட்டிருந்தோம். 497 நாட்களுக்குப் பிறகு அவர்கள் காலில் பட்ட முதல் தரை அது. ஆனால் அந்தப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. திமிங்கில வேட்டை நிலையங்கள் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவோ 800 மைலுக்கு அப்பால். இருந்த மூன்று படகுகளில் பெரியது ‘ஜேம்ஸ் கேர்ட்’. அதன் நீளமே இருபத்திரண்டரை அடிதான்.

தலைவர் ஷாக்கிள்டன், தச்சர் ஹாரி மெக்நிஷைக் கூப்பிட்டார். “இதைக் கடலுக்குத் தாங்கும்படி செய்ய முடியுமா?”

இந்த இருவருக்கும் ஆகாது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மெக்நிஷ் உயிராய் வளர்த்த பூனையைச் சுடச் சொன்னவர் ஷாக்கிள்டன். “கப்பலே மூழ்கிவிட்டது, இனி உங்கள் உத்தரவு என்னைக் கட்டாது” என்று பனிக்கட்டியின் மேல் நின்று முரண்டு பிடித்தவர் மெக்நிஷ். பழைய கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மனிதர் பதில் பேசாமல் உளியை எடுத்தார்.

மரம் கிடையாது. சறுக்குவண்டிச் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் குறுக்கே அடித்தார். மேலே போர்த்தக் கித்தான் இருந்தது, ஆனால் உறைந்து தகரம் போல விறைத்துக் கிடந்தது. சீல் கொழுப்பு எரியும் அடுப்பில் அங்குலம் அங்குலமாக இளக்கித் தைத்தார்கள். கலப்பத்து அடிக்கத் தாரும் இல்லை, சணலும் இல்லை. விளக்குத்திரியை இடுக்குகளில் திணித்து, குழுவிலிருந்த ஓவியரின் எண்ணெய் வர்ணத்தையும் சீல் ரத்தத்தையும் மேலே பூசினார்.

ஏப்ரல் 24. ஆறு பேர் ஏறினார்கள், மெக்நிஷும் ஒருவர். தொல்லைக்காரரைத் தன் கண்முன் வைத்துக்கொள்ளவே தலைவர் கூட்டிப்போனார் என்பாருண்டு. இருக்கலாம். ஆனால் நடுக்கடலில் பலகை விட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

16 நாட்கள். வழி கணிக்கச் சூரியன் முகம் காட்டியது 4 முறைதான். படகின் மேல் உறைந்த பனியைக் கோடரியால் வெட்டித் தள்ளாவிட்டால் பாரத்திலேயே கவிழ்ந்திருக்கும். மே 10-ம் தேதி தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார்கள்.

தவறான கரை! வேட்டை நிலையங்கள் தீவின் மறுபக்கம். நடுவே, அதுவரை எவரும் கடக்காத பனிமலைகள். அந்தப் படகில் தீவைச் சுற்றிப் போக வழியில்லை. இருவர் மலையேறும் நிலையிலேயே இல்லை; அதில் ஒருவர் மெக்நிஷ்.

அந்த நிலையிலும் அவர் ஒரு வேலை செய்தார். ஜேம்ஸ் கேர்டிலிருந்து பித்தளைத் திருகாணிகளைக் கழற்றினார். மலையேறப் போகும் மூவரின் பூட்ஸ்களை வாங்கி, பனியில் வழுக்காமலிருக்க ஒவ்வொன்றின் அடிப்பாகத்திலும் எட்டு வீதம் முடுக்கிக் கொடுத்தார். கூடவே தன் வாய்ச்சியையும் கொடுத்தார். ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் ஆகிய மூவரிடமும் பனிக்கோடரி என்று இருந்தது அந்தத் தச்சுக்கருவிதான்.

இவருக்குப் பின்னால் கிடைத்த ‘வெகுமதி’ என்ன என்பதைக் கடைசி அத்தியாயத்தில் சொல்கிறேன். கோபம் வரும், இப்போது வேண்டாம்.

மே 19, அதிகாலை 3 மணி. நிலா வெளிச்சம். மூன்று நாள் சாப்பாடு, 50 அடி கயிறு. படுக்கும் பை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். இருட்டுவதற்குள் ஒரு முகட்டின் உச்சியில் நின்றார்கள். பின்னால் மூடுபனி ஏறி வருகிறது. முன்னால் சரிவு, அடி தெரியவில்லை. இரவு அங்கே தங்கினால் உறைந்து சாக வேண்டியதுதான்.

ஷாக்கிள்டன் கயிற்றைச் சுருட்டித் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

(அடுத்த வாரம்)