பழைய கார்களின் கியர்பாக்ஸ் ஒலிகள்

கையால் கியர் மாற்றும் வண்டிகளில் பற்சக்கரம், பேரிங், கியர் கோக்கும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் முதலியவை தேய்ந்தாலோ, கியர் ஆயில் குறைந்தாலோ எழும் இயல்புக்கு மாறான சத்தங்கள் கியர்பாக்ஸ் ஒலிகள் எனப்படும். முனகல், உறுமல், கரகரப்பு, 'டக் டக்' என்று இவை பலவகை. ஒலி எப்படி இருக்கிறது என்பதைவிட, எந்த நிலையில் தொடங்குகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்பதே பழுதைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நிலையிலும் பெட்டிக்குள் சுழலும் பாகங்களும் சுமை தாங்கும் பாகங்களும் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

அமைப்பு

எஞ்சின் முன்னாலும் இயங்கு சக்கரங்கள் பின்னாலும் உள்ள பழைய கார்களின் கியர்பாக்ஸில் மூன்று தண்டுகள் உண்டு. கிளட்ச் தட்டிலிருந்து சுழற்சியை உள்ளே கொண்டுவருவது இன்புட் ஷாஃப்ட். அதனுடன் எப்போதும் பல் கோத்துச் சுழல்வது கீழே உள்ள லே ஷாஃப்ட். சுழற்சியை வெளியே அனுப்புவது மெயின் ஷாஃப்ட். பிரிட்டிஷ் காரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில், 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர் இந்த வகையைச் சேர்ந்தது. அதன் பழைய மாடல்களில் ஸ்டியரிங் தண்டையொட்டிய கியர் கம்பியும் நான்கு முன்கியர்களும் இருந்தன. முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது.

நான்காவது, அதாவது டாப் கியரில், இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேராகப் பிணைந்துவிடும். லே ஷாஃப்ட் அப்போதும் சுழலும், ஆனால் சுமை தாங்காது. கண்டறிதலில் பாதி வேலையை இந்த ஒரு விவரம் முடித்துவிடும். மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் இத்தகைய நேர்ப்பிணைப்பு இல்லை. எல்லாக் கியர்களிலும் ஏதாவது ஒரு பற்சக்கர இணை சுமையைத் தாங்கும் என்பதால், பின்னால் வரும் டாப் கியர் சோதனை அங்கே பொருந்தாது.

இயல்பான ஒலிகள்

ரிவர்ஸ் கியர் பெரும்பாலும் நேர்ப்பற்களால் ஆனது. பற்கள் முழு அகலத்தோடு ஒரேயடியாக மோதுவதால் 'வீங்' என்று கத்தும். இது பழுதல்ல. முன்கியர்களின் சாய்ந்த பற்கள் சிறிது சிறிதாகக் கோத்துக்கொள்வதால் சத்தம் குறைவு. சின்க்ரோ இல்லாத முதல் கியரை வண்டி நகரும்போது போட்டால் கரகரப்பதும் இயல்பே. சின்க்ரோ முறையை 1928-இல் காடிலாக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்தியது. அது எல்லா முன்கியர்களுக்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின.

நியூட்ரலில் ஐட்லிங்கின்போது மெல்லக் கடகடத்து, கிளட்சை மிதித்ததும் நிற்கும் சத்தம் பல வண்டிகளில் உண்டு. எஞ்சின் துடிப்பால் சுமையற்ற பற்சக்கரங்கள் தங்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியில் முன்னும் பின்னும் தட்டிக்கொள்வதே இது. டீசல் வண்டிகளில் கூடுதலாகக் கேட்கும்.

நின்ற நிலையில் சோதனை

சமதரையில் கைபிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுக்கவேண்டும். இப்போது இன்புட் ஷாஃப்ட்டும் லே ஷாஃப்ட்டும் சுழல்கின்றன. உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்துச் சில விநாடிகளில் அது அடங்கினால், சந்தேகம் அவ்விரு தண்டுகளின் பேரிங்குகள் மேல் விழும்.

மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம். அம்பாசிடரின் மூலமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) குடும்பத்துப் பழைய கார்களில் இந்த இடத்தில் உருளைப் பேரிங்குக்குப் பதில் கிராஃபைட் வளையம் இருந்தது. அது தேய்ந்து தீர்ந்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசும் கீச்சொலி வரும். மிதியை முழுக்க அழுத்திக் கியரில் நிறுத்தியிருக்கும்போது மட்டும் கேட்கும் கிறீச்சொலிக்கு, எஞ்சின் பின்முனையிலுள்ள பைலட் பேரிங்கும் காரணமாகலாம். எஞ்சின் சுழல இன்புட் ஷாஃப்ட் நிற்பதால், அந்நிலையில்தான் அதற்கு முழு வேலை.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். முன்பக்கமா, பின்பக்கமா, அடிப்பக்கமா என்று சத்தத்தின் இடத்தை இது பிரித்துக் காட்டும். விசிறி, பெல்ட் போன்ற சுழலும் பாகங்களிலிருந்து உடையையும் கையையும் விலக்கிவைக்கவேண்டும்.

ஓட்டத்தில் சோதனை

ஒவ்வொரு கியராக மாற்றி ஓட்டிப் பார்ப்பது அடுத்த படி. முதல் மூன்று கியர்களிலும் உறுமி, டாப் கியரில் அடங்கினால் லே ஷாஃப்ட்டின் பேரிங் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கியர்களிலும் கேட்டால் இன்புட் அல்லது மெயின் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கவேண்டும். ஒரே கியரில் மட்டும் கேட்டால் அந்தப் பற்சக்கர இணையே தேய்ந்திருக்கும்.

ஒரு பல் உடைந்தால், அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் விழும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் சுழலும் 20 பற்கள் கொண்ட சக்கரத்தில் பற்கள் விநாடிக்கு 500 முறை கோத்துக்கொள்ளும். அது தொடர்ந்த இசைபோல் காதில் விழும். அதில் ஒரே ஒரு பல் உடைந்திருந்தால் விநாடிக்கு 25 தட்டல்கள். வேகம் குறைந்தால் அவை தனித்தனியாக எண்ணக்கூடிய 'டக் டக்' ஆகிவிடும்.

கியர் போடும்போது வரும் கரகரப்பைத் தனியாக ஆராயவேண்டும். ஒரு முன்கியர் மட்டும், குறிப்பாக அடிக்கடி பயன்படும் இரண்டாவது கியர், கடித்தால் அதன் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். எல்லாக் கியர்களும் கடினமாக விழுந்து, கிளட்சை மிதித்துச் சில விநாடி காத்திருந்தும் ரிவர்ஸ் கரகரத்தால், கோளாறு கியர்பாக்ஸில் அல்ல, முழுக்கப் பிரியாத கிளட்சில் இருக்கிறது.

பெட்டிக்கு வெளியே பிறக்கும் ஒலிகள்

கிளட்சை விட்டு வண்டி புறப்படும்போது ஒருமுறை 'டங்' என்று கேட்பது பெரும்பாலும் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் (யு.ஜே.) கிராஸ் தேய்ந்ததாலோ, எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்ததாலோ வருவது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சுருதி மாறும் முனகல் டிஃபரன்ஷியலைச் சேர்ந்தது. வாகனமற்ற நேர்ச்சாலையில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டும் சத்தம் தொடர்ந்தால் சக்கர பேரிங், டயர், டிஃபரன்ஷியல் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் முழுக்கத் திருப்பும்போது வரும் 'கடக் கடக்' வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்டைக் குறிக்கும்.

ஆயிலின் சாட்சி

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஆயிலைப் பார்ப்பதே முறை. பின்பக்க ஆயில் சீல் கசிந்து அளவு குறைந்தாலே உறுமல் தொடங்கிவிடும். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மைபோல் ஒட்டும் சாம்பல்நிறக் குழைவு சாதாரணத் தேய்மானம். ஊசிபோன்ற சிம்புகளும் துண்டுகளும் பல்லோ பேரிங்கோ உடைந்ததற்கு அடையாளம். காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் மின்னும் மஞ்சள் துகள் பித்தளைச் சின்க்ரோ வளையத்தினுடையது.

ஆயிலின் தரமும் முக்கியம். பித்தளை வளையமுள்ள பெட்டிகளுக்கு ஜி.எல்.-4 தரமே வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. டிஃபரன்ஷியலுக்கு உரிய ஜி.எல்.-5 ஆயில்களில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். அவற்றில் சில பித்தளையை அரிக்கக்கூடியவை. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் வகையை ஊற்றுவதே பாதுகாப்பு.

பழுது நீக்கம்

சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் காணப்படும் தந்திரம். இதனால் தேய்மானம் நிற்காது, குளிர்ந்த எஞ்சினில் கியர் மாற்றுவதும் கடினமாகும். பெட்டியை இறக்கும்போது பேரிங்குகள், ஆயில் சீல்கள், கிளட்ச் ரிலீஸ் பேரிங் ஆகியவற்றை ஒன்றாக மாற்றுவதே சிக்கனம், ஏனெனில் செலவில் பெரும்பங்கு இறக்கி ஏற்றும் கூலிக்கே போகும். பேரிங் உறுமல் தொடங்கிய நிலையிலேயே வண்டியை நிறுத்திப் பார்த்தால் மாற்றவேண்டியது பேரிங் மட்டுமே. தொடர்ந்து ஓட்டினால் தண்டு ஆடி, பற்களும் தேய்ந்து, முழுப் பெட்டியையும் மாற்ற நேரிடும்.