சட்பரியில் காடு திரும்பிய கதை



ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது சட்பரி நகரம். அந்தப் பக்கம் போனவர்கள் தெருவோரத்தில் கறுத்துப்போன பாறைகளைக் கண்டிருப்பீர்கள். "சந்திரனைப்போல பாழ்நிலம் என்றபடியால்தான் விண்வெளி வீரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள்" என்று நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது தவறு. 1971இலும் 1972இலும் அப்பலோ வீரர்கள் அங்கே வந்தது உண்மை. ஆனால் அவர்கள் பார்க்க வந்தது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதால் உண்டான பாறை வடிவங்களை. நிலத்தைப் பாழாக்கியது விண்கல் அல்ல, மனிதர்தான்.

அது அனிஷினாபே ஆதிக்குடிகளின் காட்டு நிலம். 1883இல் ரயில் பாதை போட்டபோது செம்பும் நிக்கலும் கலந்த தாது அங்கே வெளிப்பட்டது. சில ஆண்டுகளில் சுரங்கங்களும் உருக்காலைகளும் வந்தன. வெட்டிய மரங்களை அடுக்கி, அவற்றின்மேல் தாதுவைக் குவித்துத் தீ மூட்டினார்கள். குவியல்கள் மாதக்கணக்கில் திறந்தவெளியில் புகைந்தன. கந்தகப் புகை செடிகளைக் கருக்கியது. வேர் பிடிப்பு இல்லாத மண்ணை மழை அள்ளிப்போனது. திறந்தவெளிச் சூளைகள் 1929இல் நின்றாலும் உருக்காலைகளின் புகை நிற்கவில்லை. சுமார் 17,000 ஹெக்டேயர் நிலம் முற்றாக மொட்டையானது. அதைப்போல நான்கு மடங்கு நிலம் அரைகுறையாகக் கெட்டது.

1972இல் 381 மீற்றர் உயரமான புகைபோக்கியைக் கட்டினார்கள். நகரத்துக் காற்று தெளிந்தது, ஆனால் கந்தகம் தூர இடங்களுக்குப் போனது. பிறகு வந்த சட்டங்களும் புதிய தொழில்நுட்பமும்தான் புகையை உண்மையாகக் குறைத்தன. அந்தப் புகைபோக்கி 2020இல் பாவனையிலிருந்து நீக்கப்பட்டது.

புகை குறைந்தும் மரம் முளைக்கவில்லை. காரணம் மண்ணுக்குள் இருந்தது. அமிலம் ஏறிய மண்ணில் செம்பு, நிக்கல், அலுமினியம் ஆகியவை கரைந்து வேரை நஞ்சாக்கின. லோறன்சியன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் கீத் வின்ரர்ஹால்டரும் மற்றவர்களும் சோதித்துக் கண்ட மருந்து மிகவும் எளியது: சுண்ணாம்புக்கல் தூள். அது அமிலத்தைத் தணிக்க, உலோகங்கள் வேருக்கு எட்டாமல் அடங்கிவிடும்.

1978இல் சுரங்கத் தொழிலில் பெரிய ஆட்குறைப்பு நடந்தது. கோடை வேலை இல்லாத மாணவர்களை மாநகரம் இந்தப் பணிக்கு எடுத்தது. பின்னர் வேலை இழந்த தொழிலாளரும் சேர்ந்தார்கள். இயந்திரம் ஏற முடியாத பாறைச் சரிவுகளில் மூட்டைகளைத் தோளில் சுமந்து, ஹெக்டேயருக்குச் சுமார் 10 தொன் வீதம் கையாலேயே தூவினார்கள். கூடவே பசளையும் புல், அவரையினச் செடிகளின் விதைகளும் இட்டார்கள். அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். ஒருவரும் நடாத பேர்ச்சும் அஸ்பெனும் காற்றில் வந்த விதையிலிருந்து தாமாகவே முளைத்தன! அதன்பின் பைன் கன்றுகளை நட்டார்கள். 1992இல் ஐ.நா. விருது கிடைத்தது. 2022இல் ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது.

ஆனால் பைன் மரங்கள் நிற்பதால் மட்டும் அது காடு ஆகிவிடாது. மரத்தடியில் புளுபெரிப் பற்றை, பன்னம், பாசி, மண்ணுக்குள் பூஞ்சணம் எல்லாம் வேண்டும். இவற்றில் பல தாமாக வந்து சேரவில்லை. அதனால் 2010 அளவிலிருந்து இன்னொரு வேலையும் செய்கிறார்கள். புதிய நெடுஞ்சாலைக்காக அழியவிருந்த காட்டுத் தரையை, வேரும் விதையும் மண்ணுமாகப் பாய்போல வெட்டி எடுத்து, வெறுமையான இடங்களில் பதிக்கிறார்கள். அந்தத் துண்டுகளிலிருந்து செடிகள் மெல்லமெல்லச் சுற்றுப்புறத்துக்குப் பரவும்.

பிடுங்கி நடப்பட்ட வாழ்க்கை எங்களுக்குப் புதிதல்ல. கன்றைத் தனியே கொண்டுபோனால் போதாது, அதன் மண்ணிலும் ஒரு பிடி கூடப் போகவேண்டும் என்பது எங்களுக்கு விளங்கும். சட்பரி வேலை இன்னும் முடியவில்லை. கெடுக்க எண்பது, தொண்ணூறு வருடம் எடுத்தது; திருத்த அதைவிடக் கூட எடுக்கலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் போய்ப் பாருங்கள். பச்சை மரங்களுக்கு இடையில் கறுத்த பாறைகள் இன்னும் தெரியும். இரண்டையும் காட்டுங்கள்.